பாட்டு ஃபைலிலிருந்து அலைக்கோடு வரைவது: ஜாவாஸ்கிரிப்ட் போதும்

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒன்றை நாமே வரையலாம். தனி லைப்ரரி எதுவும் வேண்டாம், பிரவுசரிலேயே இருக்கும், ஒலியைக் கையாளும் வெப் ஆடியோ வசதி போதும். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பக்கத்தில் ஒரு ஃபைல் இன்புட்டும் 800 பிக்சல் அகலம், 200 உயரத்தில் ஒரு கேன்வாஸும் (படம் வரையும் பகுதி) வையுங்கள். தேர்ந்தெடுத்த ஃபைலில் அரேபஃபர் மெத்தடை, முடிவு வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெயிட் போட்டு அழைத்தால் அதன் பைட்டுகள் கிடைக்கும். எம்பி3 என்றால் அது இன்னும் சுருக்கப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. அப்படியே வரைய முடியாது.

அடுத்து ஆடியோகான்டெக்ஸ்ட் ஒன்றை உருவாக்கி, அதன் டிகோட்ஆடியோடேட்டாவிடம் இந்த பைட்டுகளைக் கொடுங்கள். இங்கேயும் அவெயிட் போட மறக்காதீர்கள். கிடைப்பது ஆடியோபஃபர், அதாவது சுருக்கம் நீங்கி எண்களாக மாறிய ஒலி. கொடுத்த பைட்டுகள் அதோடு கைவிட்டுப் போய்விடும். பிறகு தேவைப்படும் என்றால் முன்பே ஸ்லைஸ் செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கெட்சேனல்டேட்டாவை 0 என்று அழையுங்கள். ஸ்டீரியோ பாட்டில் அது இடது சேனல். வருவது ஒரு ஃப்ளோட்32அரே, அதாவது தசம எண்களின் வரிசை. ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள், ஒரு கணத்தில் ஒலியின் அளவு. எண்கள் பொதுவாக -1க்கும் 1க்கும் நடுவில் இருக்கும், நிசப்தம் 0. நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் மூன்று நிமிடப் பாட்டுக்கு 79,38,000 எண்கள். நம்மிடம் இருப்பதோ 800 பிக்சல். ஒரு பிக்சலுக்குள் 9,922 எண்களை அடைக்க வேண்டும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். சராசரி எடுத்தால் போதும் என்று நினைத்தேன். வந்தது நேர்க்கோடு. ஃபைல்தான் கெட்டுவிட்டது என்று ஒரு மாலை முழுக்க வேறு வேறு பாட்டுகளைப் போட்டுப் பார்த்தேன்! ஒலி பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடுவதால், கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும். 9,922க்கு ஒன்று என்று பொறுக்கினாலும் சரிவராது. பலமான தவில் அடி ஒன்று இடையில் நழுவிவிடலாம்.

அதனால் ஒரு பிக்சலுக்கு உரிய 9,922 எண்களை ஒரு தொகுதியாக வைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண் இரண்டையும் எடுங்கள். வெளியே 800 முறை ஓடும் ஃபார் லூப், உள்ளே அந்தத் தொகுதியின் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும் இன்னொரு லூப். மேத்.மேக்ஸுக்குள் மொத்தமாகப் பிரித்துப் போடும் குறுக்குவழி வேண்டாம். ஃபைல் நீளமானால் பிழை அடிக்கும்.

கேன்வாஸில் 0 மேலே இருக்கிறது, உயரம் கீழ்நோக்கி வளரும். அதனால் கணக்கு இப்படி:

புள்ளி = (1 - எண்) × 100

1 உச்சியிலும், 0 நடுவிலும், -1 அடியிலும் விழும். பெரிய எண்ணின் புள்ளியிலிருந்து சிறிய எண்ணின் புள்ளிவரை ஃபில்ரெக்டால் ஒரு பிக்சல் அகலக் கோடு போடுங்கள். உயரம் குறைந்தது 1 இருக்கட்டும், இல்லையென்றால் நிசப்தமான இடத்தில் கோடே காணாமல் போகும்.

ஒரு மணிநேர உரைகளுக்கு இந்த வழி வேண்டாம். ஒவ்வோர் எண்ணுக்கும் 4 பைட். மூன்று நிமிட ஸ்டீரியோ பாட்டே சுமார் 63 எம்பி நினைவகம் பிடிக்கும். ஒரு மணிநேரம் என்றால் 1.2 ஜிபியைத் தாண்டும்.

பாடும்போதே ஆடும் கோடு வேண்டுமென்றால் அனலைசர்நோட் இருக்கிறது. அதில் கெட்பைட்டைம்டொமைன்டேட்டா 0 முதல் 255 வரை எண் தரும். நிசப்தம் அங்கே 0 இல்லை, 128. மேலே உள்ள கணக்கில் போடும் முன் 128ஐக் கழித்து 128ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.