மூடி போட்ட டப்பாவும் என் பூனையின் பிடிவாதமும்

மூன்று வருடமாகப் பழைய பிளாஸ்டிக் டப்பில் ஆற்றுமணலில் போய்ப் பழகிய பூனைக்கு, வாடை வராது என்று நம்பி மூடி போட்ட லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி) வாங்கினேன். கூடவே லாவெண்டர் மண மணல். பழைய டப்பை அன்றே மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டேன். அங்கேதான் தப்பு. மறுநாள் காலை குளியலறை மிதியடியில் ஈரம். அடுத்த நாள் துவைக்க வைத்திருந்த துணிமேல்.

முதலில் மருத்துவரிடம் காட்டினேன். ஆண் பூனை, சிறுநீர் அடைப்பு என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. நல்லவேளை, அப்படி ஒன்றும் இல்லை.

சரி, பெட்டியில்தான் கோளாறு. மூடியைக் கழற்றினேன். அது வாடையை நமக்கு மறைக்கிறது, உள்ளே போகிற பூனைக்கோ அடைத்துத் தருகிறது. லாவெண்டரைக் கொட்டிவிட்டு, மணமில்லாத பெண்டோனைட் மணலை (ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் வகை) 2 அங்குல உயரத்துக்குப் பரப்பினேன். பழைய டப்பைக் கீழே கொண்டுவந்து பக்கத்திலேயே வைத்தேன். அதிலிருந்து மூத்திர வாடை அடிக்கும் மணலை இரண்டு கைப்பிடி அள்ளிப் புதியதில் கலந்தேன் (வீட்டில் அன்று யாரும் என்னோடு பேசவில்லை). வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்த இரண்டையும் பால்கனி மூலைக்கு மாற்றினேன். மெஷின் சுற்றினாலே அவன் ஓடுவான்.

ஈரமான இடங்களுக்கு, மூத்திர வாடையை நொதிகளால் சிதைக்கும் என்சைம் கிளீனர்தான். ஃபினாயில் வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

ஒன்பதாம் நாள் பழைய டப்பை எடுத்தேன். அவன் கண்டுகொள்ளவே இல்லை. கழற்றிய மூடியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், மதியத் தூக்கம் அதற்குள்தான்.