குரைக்காத குட்டியைப் பழக்குவது எப்படி? சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்ப்பவர்களுக்கு

சிப்பிப்பாறைக் குட்டி வாங்கிப் போனவர்கள் கொஞ்ச நாளில் போன் போட்டுக் கேட்பது இதைத்தான்: “அண்ணே, குட்டி குரைக்கவே மாட்டேங்குது. காவலுக்கு ஆகுமா?”

ஆகும். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்து, ஓடிப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்ட நாய்கள். சத்தம் போட்டால் முயல் உஷாராகிவிடும். அமைதி இதன் பிறவிக் குணம். குரைக்க வைக்கிறேன் என்று கட்டிப்போட்டு உசுப்பிவிடாதீர்கள். அப்படி வளர்ந்த நாய் ஆளைக் கண்டாலே வெருளும், அப்புறம் கடிக்கும். வேற்று ஆள் வந்தால் இது வாசலில் போய் விறைத்து நிற்கும். தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தடவை குரைக்கும். அதைக் கவனிக்கப் பழக வேண்டியது நாம்தான்.

கண்ணால் வேலை செய்கிற நாயைக் கண் வழியாகத்தான் பழக்க வேண்டும். மூன்று மாதக் குட்டியிலிருந்தே ஒரு விசிலும் தோளில் ஒரு வெள்ளைத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். விசில் அடித்து, துண்டைத் தலைக்கு மேல் தூக்கி வீசுங்கள். குட்டி வந்ததும் அவித்த ஈரலில் சுண்டுவிரல் நுனி அளவு கொடுங்கள். முதலில் வீட்டுக்குள், அப்புறம் முற்றம், அப்புறம் வேலி போட்ட தோட்டம். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். வீட்டில் எல்லோரும் நாள் முழுக்க அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு மதிப்புப் போய்விடும். தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள், அடிக்கவே அடிக்காதீர்கள். இந்தச் சாதி அடியை மறக்காது. அடித்த ஆளிடம் கை எட்டும் தூரத்துக்கு வராமல் வட்டமடித்துக்கொண்டே நிற்கும்.

இனி முக்கியமான விஷயம். ஓட ஆரம்பித்துவிட்ட சிப்பிப்பாறைக்கு எந்த விசிலும் கேட்காது. ஓடுவதற்கு முன்னால் ஒரு நொடி உண்டு, அதைப் பிடிக்க வேண்டும். எதையாவது பார்த்ததும் தலை உயரும், மடிந்து கிடக்கும் காதின் அடி மேலே எழும்பும். நெற்றியில் ஒரு சுருக்கம் விழும். வாலாட்டம் நின்றுவிடும். முன்னங்கால் ஒன்று மண்ணை விட்டு லேசாகத் தூக்கும். அந்தக் கால் திரும்ப மண்ணைத் தொடுவதற்குள் விசில் போய்விட வேண்டும். திரும்பிப் பார்த்தால் அன்றைக்குப் பெரிய துண்டு ஈரலாகவே கொடுங்கள். இது நம்பிக்கையாக வரும் வரை ஒரு நீளக் கயிறு கழுத்தில் இருக்கட்டும். சாதாரணப் பட்டை உதவாது. இதன் தலை ஒடுக்கம், பின்னால் இழுத்தால் கழன்று வந்துவிடும். இரண்டு விரல் மட்டும் நுழைகிற மாதிரி அகலமான தோல் பட்டை போடுங்கள்.

வேட்டைநாய்தானே என்று முயல் மேல் விடக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மயிலும் அப்படித்தான்; இப்போது எங்கள் பக்கம் எந்தக் கடலைக்காட்டிலும் மயில் மேய்கிறது. ஆனால் விரட்டுகிற ஆசையை அடக்கியே வைத்திருந்தால் அது கோழி மேலும் பைக் மேலும் பாயும். அதனால் ஒரு மூங்கில் கம்பில் கயிறு கட்டி, நுனியில் கந்தல் துணியைக் கட்டுங்கள். தரையோடு இழுத்து விரட்ட விடுங்கள். நடுவில் துணியை அசையாமல் நிறுத்தி “விடு” என்று சொல்லுங்கள். வாயை விட்டதும் மறுபடி ஓட்டம். ஓட்டமே அதற்குக் கூலி என்பதால் ஈரலைவிட வேகமாக இதில் படியும். குட்டிக்குச் சில நிமிடம் போதும். ஒரு வயதாகும் வரை எலும்பு முற்றாது. சிலர் குட்டியைப் பைக்கில் கட்டி ஓட்டுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. கால் போய்விட்டால் அந்த நாய்க்கு வாழ்க்கையே இல்லை. சோறு போட்ட உடனேயும் ஓட விடாதீர்கள். நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

ஆடு, கோழியை ஆறு மாதத்துக்குள் அறிமுகப்படுத்துங்கள். கயிற்றைக் கையில் பிடித்தபடி கிடைக்குப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் உடனே தீனி.

இன்னொன்று, பெரும்பாலும் யாரும் சொல்லித் தராதது. குரைக்காத நாய் வலியையும் அவ்வளவாகக் காட்டாது. தோலும் மெலிசு, வேலிக்கருவை முள் சுலபமாக ஏறிவிடும். தினமும் சாயங்காலம் நாலு பாதத்தையும் கையில் எடுத்து, விரலிடுக்கை விரித்துப் பாருங்கள். நெருஞ்சி, உண்ணி எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்கினாலோ, தட்டில் தீனி வைத்தும் படுத்த இடத்திலிருந்து எழவில்லை என்றாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.