காசநோய் சிகிச்சையில் சத்து மாத்திரைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிபி என்று உறுதியானதும் வீட்டுக்குள் இரண்டு வகை மாத்திரைகள் வந்துவிடும். ஒன்று மருத்துவமனையில் கொடுத்தவை. இன்னொன்று, உறவினரும் நண்பர்களும் அக்கறையோடு சொல்லி வாங்க வைத்த டானிக், புரோட்டீன் பவுடர், மல்டிவிட்டமின். அந்த அக்கறையில் தப்பில்லை. காசநோய் உடம்பை உருக்கும் நோய்தான். சத்துக் குறைவாக இருப்பவரை அது எளிதில் பிடிக்கும், பிடித்தபின் இன்னும் மெலிய வைக்கும். ஆனால் எந்தச் சத்து மாத்திரையும் காசநோய்க் கிருமியை உடம்புக்குள் கொல்வதில்லை. சில சத்து மாத்திரைகளோ, கொல்லும் மருந்தின் வேலையையே கெடுத்துவிடும். அதனால் மருத்துவருக்குச் சொல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது. கீழே வரும் தவறுகளில் பாதி, சொல்லாமல் விட்டதால் நேர்பவை.

மிக ஆபத்தானது, குணமாவதற்கான பெயரைத் தவறான மருந்துக்குக் கொடுப்பது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் விடும், பசி எடுக்கும், இருமல் குறையும். அது ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துகள் செய்த வேலை. ஆனால் அதே வாரங்களில் ஒரு டானிக்கும் உள்ளே போயிருந்தால், 'அதைக் குடித்ததும்தான் தெம்பு வந்தது' என்று தோன்றும். அப்புறம் டானிக் தொடரும், மாத்திரை நின்றுவிடும். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு குறைந்த எண்ணிக்கையில் நான்கு மாதம். தெம்பு வந்தபிறகும் மந்தமாகக் கிடக்கும் கிருமிகளை ஒழிக்கத்தான் அந்த மீதி மாதங்கள். நடுவில் விட்டால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் திரும்பலாம்.

'வைட்டமின் சி டிபி கிருமியைக் கொல்லும்' என்று சிலர் சொல்வார்கள். 2013-ல் அப்படி ஒரு ஆய்வு வந்தது உண்மை. ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த கிருமியின் மேல் செய்தது, நோயாளியிடம் அல்ல. வைட்டமின் டி-யை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் லண்டனில் நடந்த ஆய்வில் அதிக அளவு கொடுத்தும், சளியில் கிருமி மறையும் காலம் ஒட்டுமொத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோய்ப் புண்ணில் உள்ள செல்கள் வைட்டமின் டி-யைத் தாமே வீரியமான வடிவத்துக்கு மாற்றக் கூடியவை. அதனால் சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். தாகம், மலச்சிக்கல், குழப்பம் எல்லாம் வரும். குறைபாடு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்கலாம். தானாக வாங்கி விழுங்கக் கூடாது.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குவது. மல்டிவிட்டமின் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம், கால்சியம் என்று வரிசையாக இருக்கும். லீவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளை இந்த உலோகச் சத்துகள் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடும். வழக்கமான மருந்துக்கு அடங்காத 'மருந்து எதிர்ப்புக் காசநோய்'க்கு இவைதான் முக்கியமான மாத்திரைகள் என்பதால், இங்கே இழப்பு பெரிது. லீவோஃப்ளாக்சசினுக்கு முன்னும் பின்னும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மாக்ஸிஃப்ளாக்சசினை, சத்து மாத்திரைக்கு நான்கு மணி நேரம் முன்போ எட்டு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டும் இதே கதைதான்; அதில் உள்ள அலுமினியம் ஐசோனியாசிட், எத்தாம்பியூட்டால் இரண்டும் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். டிபி மாத்திரை காலையில், சத்து மாத்திரை இரவு உணவோடு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலோருக்குக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கல்லீரல் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக் கூடியவை. இதோடு 'கல்லீரலைச் சுத்தம் செய்யும்', 'எதிர்ப்புச் சக்தி கூட்டும்' என்று விற்கும் மூலிகை கேப்சூல்களைச் சேர்ப்பது விஷப்பரீட்சை. செறிவூட்டிய கிரீன் டீ சாறு, அஸ்வகந்தா, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் ஆகியவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. கல்லீரல் பரிசோதனையில் அளவு எகிறினால், எதனால் என்று உடனே பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நிறுத்தி, தணிந்தபின் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். அதற்குள் பல நாட்கள் கிருமிக்கு ஓய்வு கிடைத்துவிடும். வாந்தி, பசியே இல்லாமை, வலப்பக்க மேல்வயிற்று வலி வந்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது சாதாரணம். அதனால் மஞ்சள் காமாலையைச் சிறுநீர் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

சரி, உண்மையிலேயே தேவைப்படும் சத்து மாத்திரை ஒன்று உண்டு: பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6. ஐசோனியாசிட் இந்த வைட்டமினின் வேலையைத் தடுப்பதால் சிலருக்குக் கால் விரல்களில் எரிச்சலும் மதமதப்பும் வரும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சர்க்கரை நோய், எச்.ஐ.வி., சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மது அருந்துபவர்கள், மெலிந்தவர்கள் ஆகியோருக்கு அந்த ஆபத்து கூடுதல். தடுப்புக்குத் தினமும் 10 மில்லிகிராம் முதல் கொடுப்பார்கள். 'சும்மா வைட்டமின்தானே' என்று இதை விடுவது ஒரு தவறு. எரிச்சல் கூடினால் தானாகவே அளவைக் கூட்டுவது இன்னொரு தவறு. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் இந்த பி6 வைட்டமினே நரம்பைக் கெடுக்கும். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குக் கொடுக்கும் லைனசோலிட் மருந்தை எடுப்பவருக்கு வரும் நரம்பு எரிச்சல் பி6-ஆல் தீராது. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ரத்தசோகை என்றதும் இரும்பு மாத்திரைக்குத் தாவுவதும் அவசரம்தான். நெடுநாள் அழற்சியில் உடம்பே இரும்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும். கிருமி வளரவும் இரும்பு வேண்டும். அதைக் கொடுக்காமலிருக்கும் தற்காப்பு இது. காசநோயில் வரும் ரத்தசோகை பலருக்குச் சிகிச்சையிலேயே சரியாகும். உண்மையான இரும்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுப்பதே நல்லது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் கணக்கு வேறு: இரும்பும் ஃபோலிக் அமிலமும் தொடர வேண்டும், வைட்டமின் ஏ-யை அதிக அளவில் எடுக்கவே கூடாது.

மருந்து எதிர்ப்புக் காசநோயாளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வார்ட் மூலிகை, பெடாகுவிலின் என்ற டிபி மருந்தின் அளவை ரத்தத்தில் குறைக்கும். லைனசோலிடோடு சேர்ந்தால் ஆபத்தான எதிர்விளைவு வரலாம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினை எடுத்தால், எத்தியோனமைடு என்ற டிபி மருந்து எடுப்பவர்களுக்குச் செய்யும் தைராய்டு பரிசோதனை தப்பாகக் காட்டலாம். ரத்தம் எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, சாப்பாட்டுக்குப் பதில் பவுடர். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில் நோயாளிகளுக்குத் தினமும் 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கிடைக்கும்படி உணவுப் பொருட்களைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு சத்து மாத்திரையும். முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களிடம் இறக்கும் அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. வயிறு நிறைய உணவு, அதில் போதிய புரதம்: முதலிடம் இதற்குத்தான். சாப்பாடு போதாதவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் ஒரு நாள் தேவை அளவிலான மல்டிவிட்டமின்தான், பல மடங்கு அல்ல. பவுடர் வாங்குவதானால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். எடையை மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். டிபி மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நன்றாக எடை ஏறினால் மாத்திரை எண்ணிக்கையையும் மாற்ற வேண்டியிருக்கும்.