இறக்கத்தில் நின்றுபோகும் கார்: ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிமெட்டிலிருந்து முந்தல் பக்கம் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் கிளட்சை மிதித்ததும் எஞ்சின் அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே ஓடுகிறது. அடுத்த வளைவில் மறுபடி அதே கதை. தேனி, கம்பம், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கும் மூணாறுக்கும் போய்வருகிறவர்கள் இந்தப் புகாரோடு பட்டறைக்கு வந்தால், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட "ஏர் ஃப்ளோ சென்சார் போயிருக்கும்ணே, மாத்திருங்க" என்று சொல்லிவிடுகிறார். அவர் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சோதிக்காமல் மாற்றினால், சென்சாருக்குப் பணம் கொடுத்த பிறகும் வண்டி அதே வளைவில் நிற்கலாம்.

அந்தச் சென்சார் செய்கிற வேலை சின்னதுதான். ஏர் ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாயில் அது உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு மெல்லிய கம்பியோ படலமோ சூடாகவே வைக்கப்பட்டிருக்கும். ஓடும் காற்று அதைக் குளிர்விக்கும். சூடு இறங்காமல் பிடித்துவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து, விநாடிக்கு எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்று கணக்கு வந்துவிடும். பெட்ரோல் எஞ்சினில் 1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றுக் கணக்கு தப்பினால் பெட்ரோல் கணக்கும் தப்பும்.

சரி, ஏன் இறக்கத்தில், அதுவும் கிளட்சை மிதிக்கும்போது? கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். அப்போது எஞ்சினைச் சுழற்றுவது சக்கரங்கள்தான். கிளட்சை மிதித்த நொடியில் அந்தத் துணை போய்விடும். எஞ்சின் தானாக நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் நின்று பிடிக்க வேண்டும்; இதைத்தான் ஐடில் என்கிறோம். ஐடிலில் காற்றோட்டமே மிகக் குறைவு. சூடான 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஏசி இல்லாமல், விநாடிக்கு 2 முதல் 3 கிராம் வரைதான் இழுக்கும். அதில் அரை கிராம் பிசகினாலும் பெரிய பங்கு. அதே அரை கிராம் ஏற்றத்தில் முழு வேகத்தில் இழுக்கும்போது தெரியவே தெரியாது.

ஆகவே எப்போது நிற்கிறது என்று கேட்காமல் பானட்டைத் திறப்பதுதான் முதல் தவறு. கிளட்சை மிதிக்கும்போது, ஏசி போடும்போது, சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். முள் தள்ளாடித் தள்ளாடி எஞ்சின் அணைகிறது என்றால் ஏர் ஃப்ளோ சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஆனால் கரி படிந்த திராட்டில் பாடியும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்), கோளாறான ஐடில் வால்வும் இதே மாதிரிதான் நிறுத்தும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நின்று, அரை மணி நேரம் ஆறிய பிறகு கிளம்பினால் எஞ்சின் சுழற்சியை ஈசியுவுக்கு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) சொல்லும் கிராங்க் சென்சாரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கையிலேயே ஆர்.பி.எம். முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஏற்றத்தில் இழுவை குறைந்து, திணறி நின்றால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள்.

இன்னொரு பேச்சும் உண்டு: "மேலே காத்து மெலிசு, அதான் நிக்குது." போடியிலிருந்து போடிமெட்டு ஏறும்போது கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயர்கிறோம், காற்றழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்பது உண்மைதான். இழுவையும் கொஞ்சம் குறையும். ஆனால் இந்தச் சென்சார் அளப்பது காற்றின் எடையை. காற்று மெலிந்தால் அந்த அளவுக்கு எரிபொருளும் தானாகவே குறைக்கப்படும். நல்ல சென்சார் உள்ள வண்டி மலைமேல் இருக்கும் பூப்பாறையிலும் போடியில் நிற்பது போலவே அமைதியாக ஐடிலில் நிற்க வேண்டும். மலைமேல் பழியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் கோளாறு முற்றும். கார்புரேட்டர் காலத்து விளக்கம் அது.

உங்கள் வண்டியில் அந்தச் சென்சார் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேலியாகச் சொல்லவில்லை. மாருதியின் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஏர் ஃப்ளோ சென்சார் கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் இருக்கும். கரோலா ஆல்டிஸ், ஸ்விஃப்ட் டீசல் போன்றவற்றில் ஏர் ஃப்ளோ சென்சார் உண்டு. இல்லாத உதிரிப்பாகத்தைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம்.

இனி முக்கியமான தவறுக்கு வருவோம். சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப்பார்ப்பது பழைய வழக்கம். சென்சார் இல்லை என்று தெரிந்ததும் ஈசியு தன்னிடமுள்ள தோராயக் கணக்கில் ஓட்டும். கழற்றியபின் வண்டி நன்றாக ஓடினால் சென்சார்மேல் சந்தேகம் கூடும். சோதனை நல்லதுதான், ஆனால் வரிசை முக்கியம். பிளக்கைக் கழற்றியதுமே பி0102 போன்ற ஒரு கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) ஈசியுவில் பதிவாகிவிடும். அப்புறம் ஸ்கேனர் மாட்டுகிறவர் அந்தக் கோடைப் பார்த்து "பாருங்க, சென்சார் போயிருச்சு" என்பார். அது கோளாறு எழுதிய கோடு இல்லை, நாம் எழுதியது. முதலில் ஸ்கேனர், கோடு, கோடு பதிவான நேரத்தில் எஞ்சின் இருந்த நிலையைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரங்கள். மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றி செக் எஞ்சின் லைட்டை அணைப்பதும் இதே ரகம்தான். தடயத்தை அழித்துவிட்டுத் திருடனைத் தேடுகிற வேலை.

டீசல் வண்டியில் அந்தச் சோதனைக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். டீசலில் ஏர் ஃப்ளோ சென்சாரின் முக்கிய வேலை, புகையை மறுபடி உள்ளே விடும் ஈஜிஆர் வால்வைக் கட்டுப்படுத்துவது. பிளக்கைக் கழற்றினால் பல வண்டிகளில் ஈஜிஆரையும் மூடச் சொல்லி உத்தரவு போய்விடும். அதனால் வண்டி நன்றாக ஓடினால், சென்சார் கெட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கரி அடைத்து முழுதும் மூடாமல் நிற்கும் ஈஜிஆர் வால்வும் காரணமாக இருக்கலாம். அதையும் கழற்றிப் பார்த்துவிட்டே முடிவுக்கு வரவேண்டும்.

பெட்ரோல் வண்டியில் ஏமாற்றுகிற பேர்வழி வேறு: சென்சாருக்கும் திராட்டில் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய். அதில் விரிசல் விழுந்தாலோ கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ அந்த வழியாக நுழையும் காற்று சென்சாரின் கணக்கில் வராது. பெட்ரோல் போதாமல் ஐடிலில் எஞ்சின் அணையும். சென்சார் பாவம், தன் வழியாகப் போனதைச் சரியாகத்தான் சொல்கிறது. மலைப்பாதையில் இது இன்னும் குழப்பும். மவுன்டிங் தேய்ந்த எஞ்சின் கியர் மாற்றும்போது முன்னும் பின்னும் அசையும். மடிப்புக்கு அடியில் இருக்கும் விரிசல் அப்போது மட்டும் வாய் திறக்கும். பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் குழாய் முழுசாகத் தெரியும். கழற்றி, மடிப்புகளைக் கையால் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சமீபத்தில் ஏர் ஃபில்டர் மாற்றியிருந்தால் கிளாம்பை முதலில் பாருங்கள்.

ஸ்கேனரில் ஃப்யூல் டிரிம் என்று ஒரு எண் வரும். பெட்ரோல் வண்டிக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. எஞ்சின் எவ்வளவு கூடுதலாக அல்லது குறைவாகப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது என்பதைச் சதவீதத்தில் காட்டும். குறுகிய கால டிரிம், நீண்ட கால டிரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐடிலில் +15, +20 என்று இருந்து, 2500 சுற்றில் பிடிக்கும்போது பூஜ்யத்தை ஒட்டி இறங்கினால் காற்றுக் கசிவு. மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூட எண்ணும் ஏறினால் சென்சார் குறைத்துச் சொல்கிறது அல்லது பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கிறது. காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை என்று சொல்லும் பி0171 என்ற கோடு இந்த மூன்றில் எதற்கும் வரும். அதைப் பார்த்ததுமே சென்சாருக்கு ஆர்டர் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

வயரையும் மறக்க வேண்டாம். வயலோரம், தோட்டத்து வீட்டு ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு எலி நிரந்தர விருந்தாளி. ஐடிலில் ஓடவிட்டு பிளக்கையும் வயரையும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். சென்சார் உடம்பில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். வயரை அசைக்கும்போது எஞ்சின் தடுமாறினால் வயர் அல்லது பிளக், தட்டும்போது தடுமாறினால் சென்சாருக்குள்ளே கோளாறு.

எல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் சென்சார்மேல்தான் என்றால், மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பார்க்கலாம். நம் பக்கத்து வண்டிகளுக்கு இது அதிகம் தேவைப்படும். ஆனி, ஆடியில் கீழே புழுதிக் காற்று, மலை ஏறியதும் சாரல். ஒரே நாளில் இரண்டையும் குடிக்கும் வண்டியில் தூசும் ஈரமும் சேர்ந்து கம்பியில் ஒட்டிக்கொள்ளும். பஞ்சர் கடை கம்ப்ரசரால் ஃபில்டரைப் பக்கத்தில் வைத்து ஊதித் தாளைக் கிழிப்பவர்கள், அந்தத் தூசு அடுத்து எங்கே போகும் என்று யோசிப்பதில்லை. சென்சாரைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும் போதும். கார்புரேட்டர் கிளீனர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சில திரவங்கள் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் தின்றுவிடும், சில படலத்தை விட்டுப்போகும். பட்ஸால் துடைப்பதும் காற்றடிப்பதும் கம்பியை அறுக்கும் வழிகள். சாவியை அணைத்து, கழற்றி, தள்ளி நின்று அடித்து, நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

புதிது வாங்கும்போது உருவம் பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். குழாயின் விட்டம் மாறினால் கணக்கே மாறும். பழைய சென்சாரின் பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு போங்கள். விலை மலிவான போலிகள் முதல் நாளிலிருந்தே தப்பான எண்ணைச் சொல்லும், அப்புறம் எது கோளாறு என்றே தெரியாமல் போகும். அதைவிட, ஓடுகிற வண்டியிலிருந்து எடுத்த அதே நம்பருள்ள பழைய ஒரிஜினல் மேல். மாட்டும்போது அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். மாட்டிய பிறகு, ஈசியு கற்றுவைத்திருக்கும் டிரிம் எண்களை ஸ்கேனரால் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய சென்சாருக்குச் செய்த சமாளிப்பைப் புதிதின்மேலும் சில நாள் ஏற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கெல்லாம் நேரம் இருக்கும், ஆனால் அதுவரை அந்த வண்டியில் மலை இறங்க நேர்ந்தால் ஒரு விஷயம். நியூட்ரலில் உருட்டாதீர்கள். எஞ்சின் அணைந்தாலும் கியரில் இருந்தால், கிளட்சை விட்டதும் சக்கரமே அதைச் சுழற்றிக் கிளப்பிவிடும். சாவியை முழுதும் திருப்பி எடுக்க வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் அணைந்த பின் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் உதவி ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகு பானட்டைத் திறங்கள்.