மேடாக்ஸ் பிரதர்ஸ் அண்ட் ரோஸ்: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில் இயர்போனை மாட்டுங்கள். மேடாக்ஸ் குடும்பத்துச் சகோதரர்களும் அவர்கள் சகோதரி ரோஸும் சேர்ந்த அமெரிக்கக் கண்ட்ரி இசைக் குழு இது. இந்தக் குழுவின் பாதி உயிர் ஃப்ரெட் மேடாக்ஸின் டபுள் பேஸில், அதாவது ஆளுயரத்துக்கு நிற்கும் கனத்த ஒலித் தந்தி வாத்தியத்தில் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் அது காதில் விழவே விழாது.

எல்விஸைக் கேட்டுவிட்டு, ராக்கபில்லி (கண்ட்ரியும் ப்ளூஸும் கலந்த ஆரம்பகால ராக் அண்ட் ரோல்) 1954-இல் மெம்பிஸில் திடீரென்று முளைத்தது என்று சொல்லி வருபவர்களை நான் நேராக 1940-களின் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிவிடுவேன். 1946 முதல் 1951 வரை ஃபோர் ஸ்டார் ரெக்கார்டு கம்பெனிக்கு இவர்கள் பதிவு செய்த பாட்டுகள்தான் நுழைவாசல். பின்னால் கொலம்பியா கம்பெனிக்குச் செய்த பதிவுகள் சுத்தமாக இருக்கும். ஆனால் அவற்றில் தொடங்கினால் இவர்கள் ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்கள் என்பது பிடிபடாது.

'ஃபிலடெல்ஃபியா லாயர்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி எழுதியது. முதல் தடவை ரோஸின் குரலோடு போங்கள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை எட்டும் போலிருக்கிற தொண்டை. குழைவு, நளினம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த தடவை குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடியுங்கள்.

பிடிப்பது எப்படி என்றால், தொடையில் நான்கு எண்ணித் தட்டுங்கள். ஸ்லாப் பேஸ், அதாவது பேஸை அறைந்து வாசிப்பதன் அடிப்படை முறையில் ஒன்றிலும் மூன்றிலும் ஸ்வரம் வரும், இரண்டிலும் நான்கிலும் அறை விழும். வாசிப்பவர் தந்தியைப் பலகையிலிருந்து வெளியே இழுத்து விடுகிறார். அது திரும்பப் போய் மோதும்போது ஒரு சொடுக்கு. பிறகு உள்ளங்கையால் தந்திகள்மேல் ஓர் அறை. குழுவில் டிரம்ஸ் கிடையாது, ஆட வந்தவர்களுக்கோ தாளம் வேண்டும். அந்த வேலையையும் பேஸே சுமக்கிறது. இந்த 'டிக்-டக்' ஒருமுறை பிடிபட்டுவிட்டால், பத்து வருடம் கழித்து வந்த ராக்கபில்லி ரெக்கார்டுகளில் எல்லாம் அதே சத்தம் கேட்கும்.

நடுநடுவே ஒருவர் கெக்கெக்கே என்று சிரிப்பார். அது சகோதரர்களில் ஒருவரான கால் (Cal) மேடாக்ஸ். மற்றவர்கள் கத்துவார்கள், கிண்டலடிப்பார்கள். என் நண்பர்களில் பாதிப் பேர் இங்கேதான் எரிச்சலடைந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், ஆட்டக்கூடத்தின் சந்தடியை அப்படியே ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அடுத்தது வானொலிப் பதிவுகள். ஆர்ஹூலி நிறுவனம் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அவற்றைக் கேட்குமுன் கொஞ்சம் கதை தெரிந்திருப்பது நல்லது. 1933-இல் அலபாமாவின் போவாஸ் ஊரிலிருந்து குத்தகை விவசாயியான அப்பா சார்லியும் அம்மா லூலாவும் பிள்ளைகளோடு சரக்கு ரயிலில் ஒளிந்து ஏறிக் கலிஃபோர்னியா போனார்கள். ஓக்லாந்தில் ராட்சதச் சாக்கடைக் குழாய்களுக்குள் மற்ற ஏழைகளோடு குடியிருந்தார்கள். பிறகு மொடெஸ்டோ பக்கம் பழம் பறிப்பும் பருத்தி எடுப்பும். பருத்திக் காட்டில் சலித்துப்போன ஃப்ரெட், ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரரிடம் போய் வானொலி நிகழ்ச்சிக்கு விளம்பரம் கேட்டார். பாட ஒரு பெண் இருந்தால் தருகிறேன் என்றார் கடைக்காரர். அப்போது ரோஸுக்கு வயது 11. 1937-இல் கே.டி.ஆர்.பி. நிலையத்தில் தொடங்கினார்கள். வானொலியால் ஊர்கள் இவர்களைத் தெரிந்துகொண்டன. வயிற்றுப்பாடு மதுக்கடைகளிலும் ஆட்டக்கூடங்களிலும்தான். பின்னாளில் கணக்கு வழக்கும் கட்டுப்பாடும் அம்மா கையில் இருந்தன. அந்த அம்மாள் இல்லாவிட்டால் குழு இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்காது என்பது என் எண்ணம்.

கேட்கும்போதே படங்களையும் தேடிப் பாருங்கள். தையற்காரர் நேத்தன் டர்க் தைத்த பூவேலைச் சட்டைகள்! 'அமெரிக்காவின் மிக வண்ணமயமான ஹில்பில்லி குழு' (கண்ட்ரி இசைக்கு அன்றைய பெயர் ஹில்பில்லி) என்று இவர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொண்டது வீண் ஜம்பம் இல்லை.

கிட்டார் பிரியர்கள் 1949 வாக்கில் வந்த பதிவுகளில் ராய் நிக்கல்ஸைத் தேடலாம். அப்போது பதினாறு வயதுப் பையன். பின்னாளில் கண்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்டின் குழுவில் வாசித்தவர் இவர்தான்.

கொலம்பியா காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம், 1956-இல் வந்த 'தி டெத் ஆஃப் ராக் அண்ட் ரோல்' தவிர. ரே சார்ல்ஸின் பாட்டைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு, அசல் ராக் அண்ட் ரோலையே வாசித்துத் தள்ளியிருக்கிறார்கள். அதே வருடம் குழு கலைந்தது. ரோஸ் தனியாகக் கேப்பிடல் கம்பெனிக்குப் போனார். அங்கே 1961-இல் கண்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸோடு சேர்ந்து பாடிய டூயட்களை அடுத்த வாரத்துக்கு எடுத்து வையுங்கள்.