பள்ளி மேலாண்மைக் குழு: முடிவெடுத்த பிறகு கையெழுத்து வாங்காதீர்கள்

அரசுப் பள்ளிகளில் பெற்றோரும் ஆசிரியர்களும் உறுப்பினர்களாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, தீர்மானப் புத்தகம் இருக்கிறது, அதில் கையெழுத்துகளும் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் முடிவு மட்டும் கூட்டத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. தீர்மானப் புத்தகத்தை மாணவி கையில் கொடுத்து, "அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்று அனுப்புகிற பழக்கமும் உண்டு. கையெழுத்து போடும் அந்த அம்மாவுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. குழுவைப் பாழாக்குவதில் இதுதான் பெரிய தவறு.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு இந்தக் குழுவுக்கு மூன்று முக்கிய வேலைகளைத் தருகிறது: பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு தாய் என்று வைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இத்தனை பேரைச் சேர்த்தது யோசனை கேட்கத்தான். யோசனை என்றால் முடிவுக்கு முன்னால் கேட்பது. வகுப்பறைக்குப் பெயின்ட் அடித்து முடித்த பிறகு ஒப்புதல் கேட்டால் அவர்கள் என்ன சொல்ல முடியும்?

அடுத்தது கூட்டம் வைக்கிற நேரம். வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால், நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போகிற தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அவர் வரவில்லை என்றதும் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று பேசுவது அநியாயம். எந்த நேரம் தோதுப்படும் என்று அவர்களிடமே முதலில் கேளுங்கள். அப்புறம், எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள். எழுதப் படிக்கத் தயங்குகிறவரும் கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்துப் பெற்றோரிடம் விசாரித்து, சொல்ல ஒரு கருத்தோடு வருவார்.

தலைவராகத் தாயைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கூட்டத்தில் அவர் கணவரைப் பேசவைப்பதும் நடக்கிறது. தலைமை ஆசிரியர் இதை அங்கேயே நிறுத்த வேண்டும். "தலைவர் சொல்லட்டும் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தீர்மானம் எழுதும் விதத்தில்தான் நிறைய வேலை வீணாகிறது. "கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் யார் செய்வது, எப்போது, எந்தப் பணத்தில் என்று ஒன்றுமே இல்லை. ஆறு மாதம் கழித்தும் அதே வரியைத்தான் எழுத வேண்டிவரும். இப்படி எழுதிப் பாருங்கள்: "பெண்கள் கழிப்பறையில் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் தண்ணீர் வரவில்லை. தாழ்ப்பாளைப் பள்ளி மானியத்திலிருந்து இம்மாத இறுதிக்குள் தலைமை ஆசிரியர் போட்டுத்தருவார். தண்ணீர் இணைப்புக்காக ஊராட்சி அலுவலகத்தில் தலைவரும் இன்னொரு உறுப்பினரும் மனு கொடுப்பார்கள். நகல் அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும்." எழுதியதை அங்கேயே உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள். வெற்றுத்தாளில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது, எவ்வளவு பழகிய ஆசிரியர் கேட்டாலும் சரி.

பெற்றோர் பக்கமும் தவறு உண்டு. தன் பிள்ளைக்கு மார்க் குறைந்தது, ஒரு ஆசிரியர் திட்டிவிட்டார் என்பதையெல்லாம் குழுவில் எடுத்தால் மொத்தக் கூட்டமும் அதிலேயே போய்விடும். அதைத் தலைமை ஆசிரியரிடம் தனியாகப் பேசலாம். ஐந்தாம் வகுப்பில் பல பிள்ளைகள் வாசிக்கத் திணறுகிறார்கள் என்றால் அது குழுவில் பேச வேண்டிய விஷயம்தான். சுற்றுச்சுவர், பெஞ்ச், மேசை பற்றியே பேசிவிட்டு, படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கலைகிற கூட்டங்கள் வருத்தம் தருகின்றன. "படிப்பைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்" என்று பெற்றோர் ஒதுங்கவும் வேண்டாம். பிள்ளை வீட்டில் புத்தகத்தை எடுக்கிறதா, பள்ளிக்கு வர ஏன் அடம்பிடிக்கிறது என்பது ஆசிரியரைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மேம்பாட்டுத் திட்டத்தை நிதியாண்டின் கடைசி வாரத்தில் போன வருடத் தாளைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இது மூன்றாண்டுத் திட்டம். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் கூடுதலாகத் தேவை, என்ன கட்டடம், எவ்வளவு பணம் என்று கணக்குப் போட வேண்டும். ஊரில் எந்தத் தெருவில் எத்தனை சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்ல அங்கன்வாடி ஊழியரும் தாய்மார்களும் இருக்கிறார்கள். டிசம்பரிலேயே அவர்களோடு உட்கார்ந்தால் அவசரம் இருக்காது.

இன்னொன்று, பதில் சொல்லாமல் விடுவது. பெற்றோர் கேட்ட ஒன்றைப் பள்ளியால் செய்ய முடியாமல் போகலாம். நிதி வரவில்லை, விதியில் இடமில்லை, மேலிடத்து உத்தரவு வேறு. அதை அடுத்த கூட்டத்தில் காரணத்தோடு சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். ஒன்றுமே சொல்லாமல் விட்டால், கேட்டவர் மூன்றாவது கூட்டத்துக்கு வரமாட்டார். அதனால் ஒவ்வொரு கூட்டத்தையும் போன மாதத் தீர்மானங்களை வாசித்துத் தொடங்குங்கள்: எது முடிந்தது, எது நிற்கிறது, யாரிடம் நிற்கிறது. பத்து நிமிடம்கூட ஆகாது.