ஊர்ப் புலனக் குழுவுக்கு நியாயமான விதிகள்: புதிய அட்மின்களுக்கு ஒரு செய்முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் யாரெல்லாம் இருப்பார்கள்? கோவில் தலைவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், வேலைக்குச் சிங்கப்பூர் போன பையன், அவனுடைய பெரியம்மா. இன்று நீங்கள் நீக்கிய ஆள் நாளை பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எதிரே வருவார். அவரிடம் காரணம் சொல்ல முடிகிற மாதிரி விதி இருக்க வேண்டும்.

படி 1: குழு எதற்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"தாமானின் (குடியிருப்பின்) தண்ணீர்த் தடை, மரண அறிவிப்பு, கோவில், பள்ளிச் செய்திகள்." இவ்வளவு போதும். அரட்டை வேண்டுமென்றால் அதற்குத் தனிக் குழு.

படி 2: கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விதிகள்

"மரியாதையாகப் பேசவும்" என்று எழுதினால் எது மரியாதை என்பது அன்றைக்கு அட்மினின் மனநிலையைப் பொறுத்துப் போய்விடும். "ஒருவரின் சாதி, குடும்பம், உடல் பற்றி இழிவாக எழுதினால் பதிவு நீக்கப்படும்" என்று எழுதுங்கள். "முறுக்கு, கேட்டரிங் விளம்பரம் சனிக்கிழமை மட்டும்" என்பதும் நல்ல விதிதான். ஐந்தாறு விதிகள் போதும்; அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு விதியையும் எழுதியபின் ஒரு கேள்வி: இதை என் சொந்த மாமா மீறினாலும் செயல்படுத்துவேனா? தயங்கினால் விதியை மாற்றுங்கள்.

சிலவற்றில் உங்களுக்கே தேர்வு இல்லை. "கூட்டு (சீட்டு) கட்ட ஆள் தேவை" என்ற அழைப்பு சாதாரணமாகத் தெரியும். ஆனால் கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இனம், மதம், அரச குடும்பம் பற்றிய சீண்டல்களையும் விடக் கூடாது. இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைத் தண்டிக்கும் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவில் அதிகபட்ச அபராதம் 2025 பிப்ரவரியில் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவோ, ஒரு பதிவின் நிர்வாகியாகத் தோன்றுபவரே அதை வெளியிட்டார் என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அனுமானித்துக்கொள்கிறது. அட்மின் பதவி வெறும் அலங்காரம் இல்லை.

படி 3: தண்டனை படிப்படியாக ஏறட்டும்

எலினோர் ஓஸ்ட்ரோம் என்ற அறிஞர், மீன்வளத்தையும் பாசன நீரையும் ஊர் மக்களே எப்படிப் பகிர்ந்து காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர். நீண்ட காலம் தாக்குப்பிடித்த அமைப்புகளில் அவர் கண்ட ஒரு கூறு: முதல் தவறுக்குச் சின்னத் தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால் பெரியது. நம் குழுவுக்கும் இது பொருந்தும்.

முதல் முறை தனியாகச் சொல்லுங்கள். "அண்ணே, அந்தப் பதிவை எடுத்திடுங்க, விதி மூணுல வருது" என்றால் பெரும்பாலும் முடிந்துவிடும். வயதானவரிடம் குழுவில் எல்லார் முன்னாலும் சொன்னால் விஷயம் மானப் பிரச்சினையாகிவிடும். அவருக்கு எழுத வேண்டாம், போன் போடுங்கள். அட்மின்களில் வயதில் மூத்தவர் போடுவது இன்னும் நல்லது. இரண்டாம் முறை பதிவை நீக்கி, எந்த விதி என்று குழுவில் ஒரு வரி எழுதுங்கள். மூன்றாம் முறை ஒரு வாரம் வெளியே.

இங்கே ஒரு சிக்கல். புலனத்தில் ஒருவரை மட்டும் சில நாள் பேசாமல் நிறுத்தும் வசதி கிடையாது. நீக்கிவிட்டு, நாள் முடிந்ததும் நீங்களே மறக்காமல் சேர்க்க வேண்டும். டெலிகிராமில் அந்த வசதி உண்டு.

மோசடி இணைப்பு, அந்தரங்கப் படம், விபத்தில் இறந்தவரின் படம் ஆகியவற்றுக்கு இந்த ஏணி வேண்டாம். உடனே நீக்குங்கள், பேச்சு அப்புறம்.

படி 4: மேல்முறையீடு

2018இல் வெளியான சாண்டா கிளாரா கோட்பாடுகள் பெரிய சமூக ஊடக நிறுவனங்களுக்காக எழுதப்பட்டவை. அவை கேட்பவற்றில் இரண்டு நமக்கும் வேண்டும்: நீக்கியதன் காரணத்தைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பது, அவர் மறுத்துப் பேச வழி கொடுப்பது.

குறைந்தது மூன்று அட்மின்கள் இருக்கட்டும். மூவரும் ஒரே குடும்பமாகவோ ஒரே கோவில் கமிட்டியாகவோ இருக்கக் கூடாது. ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பெண்கள் தங்களுக்கு வந்த தொல்லையை ஆண் அட்மினிடம் சொல்லத் தயங்குவது நம் ஊரில் சகஜம். சண்டையில் ஓர் அட்மினே ஒரு கட்சி என்றால் மற்ற இருவர் முடிவெடுக்கட்டும். முறையீட்டையும், பதிவை நீக்கியவர் விசாரிக்கக் கூடாது. தேதி, பதிவு, விதி, முடிவு இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "அவனை மட்டும் ஏன் விட்டீங்க?" என்று யாராவது கேட்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

படி 5: அமலுக்குக் கொண்டுவருவது

வரைவைக் குழுவில் போட்டு ஒரு வாரம் கருத்து கேளுங்கள். பிறகு குழு விவரத்தில் சேருங்கள். மேலே பின் (pin) செய்து மட்டும் வைத்தால் அது அதிகபட்சம் 30 நாளில் போய்விடும். வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்காகக் குரல் பதிவாகவும் அனுப்புங்கள். விதி வருவதற்கு முன் போட்ட பதிவுகளைக் கிளற வேண்டாம்.

தேர்தல் நேரத்துக்குத் தனி விதி தேவைப்படும். எல்லாக் கட்சிச் சுவரொட்டியும் வரலாம், அல்லது எதுவும் வரக் கூடாது. நடுவில் எதையும் வைக்காதீர்கள். அந்த விதி முடியும் தேதியையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.